மாசியில் கேட்ட வருமானம், ஐப்பசியில் கேட்ட வருமானம்

சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒரு வாழ்வாதாரத் திட்டத்துக்காக அறுபது வீடுகளின் வருமானத்தைக் கணக்கெடுத்தேன். முதற் கணக்கெடுப்பு மாசியில். காலபோக அறுவடை முடிந்து, நெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது அடுத்த ஆண்டு ஐப்பசியில். விதைப்புச் செலவுக்காக வீட்டு நகைகள் அடகுக்குப் போயிருந்த நேரம். இரண்டையும் ஒப்பிட்டால் வருமானம் பாதாளத்துக்குப் போயிருந்தது. திட்டம் தோற்றுவிட்டது என்று அறிக்கையின் முதற் பக்கத்தை எழுதியும்விட்டேன். போகம் பார்க்காமல் வீடு ஏறியது என் பிழை என்று உறைக்க ஒரு வாரம் பிடித்தது.

நான் எப்போதும் தேடுவது சராசரியை அல்ல, இடையத்தைத்தான். வீடுகளை வருமானப்படி ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானமே இடையம். ஊரில் ஒருவர் இரண்டு டிப்பர் வாங்கிவிட்டால் சராசரி துள்ளும், இடையம் அசையாது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 கணக்கெடுப்பில் இலங்கை வீடொன்றின் சராசரி மாத வருமானம் 62,237 ரூபாய். இடையமோ 43,511 ரூபாய். அப்போது வன்னியில் எவருக்காவது முதல் எண்ணைச் சொல்லியிருந்தால், சிரித்திருப்பார்கள்.

ஆனால் நடுவீட்டைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டின் வருமானமும் ஓரளவுக்காவது சரியாக இருக்கவேண்டும். ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். “மாத வருமானம் சம்பளக்காரருக்குத்தானே தம்பி, எங்களுக்கு ஏது?” என்றார், வற்புறுத்தியதும் குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னார். பிறகு பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு ஏக்கர் வயல். விற்ற மூடைகள் தனி, சாப்பாட்டுக்கென்று அறைக்குள் அடுக்கியவை தனி. காலையில் கொடுக்கும் பால். கச்சான் விற்ற காசு. ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் மகளின் சம்பளம். பொங்கலுக்குச் சுவிஸிலிருந்து தம்பி அனுப்புவது. எல்லாவற்றையும் ஆண்டுக் கணக்காக்கிப் பன்னிரண்டால் வகுத்தபோது, அவர் முதலில் குத்துமதிப்பாகச் சொன்னதைப்போல் இருமடங்குக்கு மேல் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. வீட்டு நெல்லை அவர் வருமானமாக நினைத்ததேயில்லை. மாறாக, நுண்கடனாக எடுத்த பணத்தை வருமானத்தோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. அதைக் கழித்தே ஆகவேண்டும். உதவி வெட்டப்படும் என்ற பயத்தில் குறைத்துச் சொல்பவர்கள் வேறு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சில இடங்களில் 20,000 முதல் 40,000 வரை என்று வகுப்பாகத்தான் பதில் கிடைக்கும். 60 வீடுகளில் 27 வீடுகள் 40,000 ரூபாய்க்குக் கீழ், 20 வீடுகள் 40,000க்கும் 60,000க்கும் இடையில், மீதி அதற்கு மேல் என்று வையுங்கள். முப்பதாவது வீட்டைத் தொட, நடு வகுப்பின் இருபதில் மூன்று பங்கு உள்ளே போகவேண்டும். 40,000 உடன் 3,000 சேர்த்து 43,000 என்று மதிப்பிடலாம். வேறு வழியில்லாதபோது மட்டும்.

காலத்தோடு ஒப்பிடும்போது விலைவாசி குறுக்கே நிற்கும். 2022 செப்டெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண், அதற்கு ஓராண்டு முன்பிருந்ததைவிட 73.7 வீதம் உயர்ந்திருந்தது. முந்திய ஆண்டு 50,000 ரூபாயில் ஓடிய வீட்டுக்கு அப்போது 86,000க்கு மேல் வேண்டும். கொழும்பு விலைகளை மட்டும் பார்க்கும் சுட்டெண்ணை எடுத்துக் கிளிநொச்சிக்குப் பொருத்துவதை நான் தவிர்ப்பேன்.

பழைய புள்ளிவிபரத்தைத் தேடுபவர்களுக்கு ஒன்று. அதே திணைக்களத்தின் 2009/10 கணக்கெடுப்பில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்கள் சேரவில்லை. 2012/13இல்தான் 25 மாவட்டங்களும் வந்தன. அதிலும் ஒரு புதிர்: 2012/13இல் மன்னாரின் வறுமை 20.1 வீதம், 2016இல் 1.0 வீதம். அதே காலத்தில் கிளிநொச்சி 12.7இலிருந்து 18.2க்கு ஏறியது. மாதிரியில் விழும் சில வீடுகளே மாவட்ட எண்ணை இப்படி ஆட்டக்கூடும் என்பது என் சந்தேகம். மாவட்டமே இப்படியென்றால், அந்த எண்ணை ஒரு கிராம அலுவலர் பிரிவின் தலையில் கட்டுவது அநியாயம்.

என்னை அதிகம் ஏமாற்றியது இன்னொன்று. வீட்டுத்திட்டம் வந்தபோது, கலியாணம் முடித்த பிள்ளைகள் தனிக் குடும்ப அட்டை எடுத்தார்கள். ஒரே உலையில் உண்டவர்கள் இரண்டு வீடாயினர், வருமானமும் இரண்டாயிற்று. ஒருவரும் ஏழையாகவில்லை, ஆனால் இடையம் இறங்கிவிட்டது. அந்த அறுபது வீடுகளுக்கும் மறு மாசியில் திரும்பிப் போனபோது, அவை அறுபத்தேழாகியிருந்தன. வருமானத்தை வீட்டுக்கு ஒன்றாகவும் ஆளுக்கு ஒன்றாகவும் இரண்டு நிரல்களில் எழுதினேன். விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகு வீட்டு இடையம் சற்று இறங்கியிருந்தது, ஆளுக்குரியது சற்று ஏறியிருந்தது. அறிக்கையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது உண்மை என்று திட்ட அலுவலகத்தில் கேட்டார்கள். வீடு பிரிந்தவர்களின் பட்டியலைக் கையில் கொடுத்தேன்.