கதவோரம் நிற்கும் பெண்கள்

நான் நடத்தும் உடற்பயிற்சி வகுப்பில், காலை ஆறரை மணி பேட்சில் ஒரு அக்கா இருந்தார். வயது 42, இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். எப்போதும் கறுப்பு பேன்ட்தான் போடுவார். ஸ்கிப்பிங் என்று சொன்னதும் பாத்ரூம் போய்விட்டு வந்து, கதவை ஒட்டிய கடைசி இடத்தில் நிற்பார். தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார், ஆனால் அதைத் திறந்து குடித்து நான் பார்த்ததில்லை. மூன்று மாதம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, "இன்னும் இருபதுக்கா, விடாதீங்க" என்று எண்ணிக்கொண்டு நின்றேன். முழங்கால் வலி என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டு ஒரு நாள் நின்றுவிட்டார். பல மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் பார்த்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார்: "குதிச்சா கசியுதும்மா. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

முன்பக்கம் இடுப்பெலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல ஒரு தசைத் தொகுப்பு இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகள் என்று சொல்வோம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். இருமும்போதும் தும்மும்போதும் குதிக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, அது அப்படியே கீழே இறங்கும். தூளி அந்த நொடியில் இறுகிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. இறுக்கம் போதவில்லை என்றால் சிறுநீர் கசியும். பிரசவம், தீராத மலச்சிக்கல், விடாத இருமல், மாதவிடாய் நிற்கும் காலம், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கும் பழக்கம் என்று காரணங்கள் பல. ஆண்களுக்கும் உண்டு, புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

"பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறார்கள். நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதற்காக அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தத் தசைகளுக்கான பயிற்சியை 1948-இலேயே ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் எழுதிவிட்டார். அழுத்தத்தால் வரும் கசிவுள்ள பெண்கள் இந்தப் பயிற்சியைச் செய்தால், குணமானதாகச் சொல்லும் வாய்ப்பு செய்யாதவர்களைவிட எட்டு மடங்கு என்கிறது பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். மாத்திரை வேண்டாம், மெஷின் வேண்டாம்.

நான் சொல்லிக்கொடுப்பது இப்படி. பஸ்ஸில் நாலு பேருக்கு நடுவே வாயு பிரியாமல் அடக்குவீர்கள் அல்லவா, அந்த இடத்தை மெதுவாக உள்ளே, மேலே இழுங்கள். பிட்டம் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. பிறகு முழுசாக விடுங்கள். பலர் இழுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், விடுவதும் பாதிப் பயிற்சி. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம். காஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இதையே நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தள்ளினால் கீழே இறங்கும் அழுத்தம் குறையும். ஜிம்மில் பார்பெல் தூக்குவதைவிட வீட்டில் குடமும் சிலிண்டரும் தூக்குகிறவர்கள்தான் என்னிடம் அதிகம்.

ஆனால் இந்தக் கெகல் பயிற்சி எல்லாருக்கும் கிடையாது. இதை நான் தவறு செய்துதான் கற்றேன். அடிவயிற்று வலியும் தாம்பத்தியத்தில் வலியும் இருந்த ஒரு பெண்ணுக்கு, "இன்னும் நல்லா இறுக்குங்க" என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். வலி கூடிவிட்டது. இந்தத் துறையில் பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, அவருக்குத் தசை பலவீனமில்லை, எந்நேரமும் இறுகியே இருக்கிறது என்றார். அவருக்கு வேண்டியிருந்தது தளர்த்தும் பயிற்சி. இறுக்கமா, பலவீனமா என்று வெளியிலிருந்து பார்த்து என்னால் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிப்பது என் வேலையும் இல்லை. வலி, சிறுநீரில் ரத்தம், எரிச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கியிருப்பது போன்ற கனம், இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர், அப்புறம்தான் நான்.

எங்கள் தொழில் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கிராஸ்ஃபிட் என்ற அமெரிக்க உடற்பயிற்சி நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஒரு காணொளியில், உடற்பயிற்சியின்போது சிறுநீர் போவீர்களா என்று போட்டிக்கு வந்த பெண்களைக் கேட்பார்கள். ஆமாம் என்று சிரிப்பார்கள், அது கடும் உழைப்பின் அடையாளம் போல ஆகிவிடும். அங்கே அது பதக்கம், இங்கே அது வெட்கம். இரண்டிலும் அந்தப் பெண்ணுக்கு உதவி கிடைப்பதில்லை. நம் ஊரில் இதற்குமேல் ஒன்று செய்கிறோம். குழந்தை பிறந்து 40 நாள்கூட ஆகாத பெண்ணுக்கு "30 நாளில் தொப்பை காலி" பேக்கேஜ் விற்கிறோம். சிசேரியன் தழும்பு ஆறியதா என்று கேட்பதில்லை, வயிற்றை மடக்கி எழும் கிரஞ்சஸும், தரையிலிருந்து குதித்து எழும் பர்பியும் கொடுக்கிறோம். பிரசவத்துக்குப் பிறகு ஓடத் தொடங்கக் குறைந்தது 12 வாரமாவது ஆகட்டும் என்று பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகள் 2019-இல் எழுதிய வழிகாட்டி சொல்கிறது. அதைச் சொன்னால் அட்மிஷன் போய்விடும் என்று ஜிம் நடத்துகிறவர்கள் பயப்படுகிறார்கள். போகட்டும்.

நான் இப்போது பிரசவம் ஆன பெண்களின் 'முன்–பின்' படம் எடுப்பதில்லை. தொட்டுத் திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். குதிக்கும் பயிற்சி எதைச் சொன்னாலும், குதிக்காமல் செய்யும் இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறேன், யாரும் காரணம் சொல்ல வேண்டாம்.

அட்மிஷன் படிவத்தில் சர்க்கரை, பிரஷர், முதுகுவலிக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இருமினால், தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா?" பெரும்பாலோர் அதை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். நானும் துருவுவதில்லை. போன வாரம் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின், ஒருவர் மட்டும் பாயைச் சுருட்டியவர் திரும்பச் சுருட்டிக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் வந்தார். "மேடம், அந்த ஃபார்ம்ல ஒரு கேள்விக்கு டிக் பண்ணாம விட்டுட்டேன்." டிராயரிலிருந்து அவர் படிவத்தை எடுத்து, பேனாவோடு கொடுத்தேன்.