அரசை நம்பாத தேசபக்தர்கள்

"வாஷிங்டனில் இருக்கும் அரசு சரியானதைத்தான் செய்யும் என்று எவ்வளவு நேரம் நம்பலாம்? அநேகமாக எப்போதுமேவா, பெரும்பாலான நேரங்களிலா, சில நேரங்களில் மட்டுமா?"

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தேர்தல் ஆய்வுக் குழு 1958-ல் அமெரிக்க மக்களிடம் கேட்ட கேள்வி இது. அன்று 73 சதவீதம் பேர் முதல் இரண்டு பதில்களில் ஒன்றைச் சொன்னார்கள். 1964-ல் அது 77 ஆனது. ஏறக்குறைய அதே கேள்வியை இன்றுவரை பல அமைப்புகள் கேட்டு வருகின்றன. பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டபோது அப்படிப் பதில் சொன்னவர்கள் வெறும் 16 சதவீதம்.

இடையில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. வியட்நாம் போரைப் பற்றி அரசு மக்களிடம் மறைத்தவற்றை 1971-ல் பாதுகாப்புத் துறையின் ரகசிய அறிக்கையான பென்டகன் ஆவணங்கள் வெளியே கொண்டுவந்தன. அப்புறம் வாட்டர்கேட்: எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் திருட்டுத்தனமாக நுழைந்ததை மூடி மறைக்கப் பார்த்த விவகாரம். 1974 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகினார். அந்த ஆண்டு நம்பிக்கை 36 சதவீதம். பிறகு அவ்வப்போது ஏறியதுண்டு, 1964-ன் உயரத்தை மட்டும் திரும்ப எட்டவே இல்லை.

ஆறில் ஒருவர்தான் அரசை நம்புகிறார் என்றால் அந்த நாட்டின் மேலேயே மக்களுக்குப் பற்று விட்டுப்போயிருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. அமெரிக்கராக இருப்பதில் எவ்வளவு பெருமை என்று காலப் நிறுவனம் 2001 முதல் கேட்டு வருகிறது. மிகவும் பெருமை என்றோ அதற்கும் மேல் என்றோ சொன்னவர்களின் எண்ணிக்கையில் 2025 வரை பதிவான மிகக் குறைந்த அளவே, அந்த ஆண்டு வந்த 58 சதவீதம்தான். அரசின் மீதுள்ள நம்பிக்கை அந்தப் பக்கமே எட்டிப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இந்த முரண் 1974-லேயே ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. மக்கள் ஆட்சிமுறையிலிருந்தே விலகிப் போகிறார்கள், இது ஆபத்து என்று அரசியல் அறிவியலாளர் ஆர்தர் மில்லர் எழுதினார். அதே துறையைச் சேர்ந்த ஜாக் சிட்ரின் மறுத்தார். அரசை நம்பவில்லை என்று சொன்னவர்களிலும் பெரும்பாலோர், நம் ஆட்சிமுறையைப் பற்றிப் பெருமைப்பட நிறைய இருக்கிறது என்றும் சொல்லியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அவர்கள் குறை சொன்னது நாற்காலியில் இருப்பவர்களை, நாற்காலியை அல்ல. அரை நூற்றாண்டுத் தரவுகளை வைத்துப் பார்த்தால் சிட்ரின் பக்கம்தான் வலு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை.

அமெரிக்கக் குடியுரிமை பெறுபவர் கையை உயர்த்திச் சொல்லும் உறுதிமொழியைப் பாருங்கள். அதில் குடியரசுத் தலைவரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அரசமைப்புச் சட்டத்தையும் மற்ற சட்டங்களையும் "வெளிநாட்டு, உள்நாட்டு எதிரிகள் எல்லோரிடமிருந்தும்" காப்பேன் என்றுதான் வருகிறது. ராணுவ வீரர்களின் உறுதிமொழியிலும் இதே வாசகம் உண்டு. அந்தச் சட்டமோ, அதிகாரம் ஒரே கையில் குவியாதபடி பிரித்துப் பூட்டி வைத்த ஏற்பாடு. மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசே தேவைப்படாது என்று 1788-ல் எழுதினார், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன். ஆள்பவர்கள் மேல் ஒரு கண் வைத்திருப்பது அங்கே தேசப்பற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அதனால்தான் அங்கே அரசை எதிர்ப்பவர்களும் தேசத்தின் பெயராலேயே எதிர்க்கிறார்கள். 1963-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், அரசமைப்புச் சட்டத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் கறுப்பின மக்களுக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட கடன் பத்திரம் என்றார். அதைத் தீர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்றார். 2021 ஜனவரி 6-ல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டமும் தேசியக் கொடியோடும் நாடு சுதந்திரம் அறிவித்த ஆண்டான '1776' என்ற முழக்கத்தோடும்தான் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஒன்று வாக்குரிமை கேட்டது, மற்றது வாக்குகளின் முடிவை மாற்றப் பார்த்தது. ஆனால் 'உள்நாட்டு எதிரி' யார் என்று அந்த உறுதிமொழி சொல்வதில்லை. எதிர்க்கட்சிதான் அந்த எதிரி என்று ஒரு பாதி மக்கள் முடிவு செய்துவிட்டால், அதே வாசகம் நாட்டைப் பிளக்கவும் பயன்படும்.

அந்தப் பிளவு நம்பிக்கைக் கணக்கிலும் தெரிகிறது. 1960-களில் இரு கட்சி ஆதரவாளர்களுக்கும் இடைவெளி சிறியது. இப்போது, தன் கட்சி வெள்ளை மாளிகைக்கு வந்ததும் நம்பிக்கை ஏறும், போனதும் விழும். 2024-ல் பைடன் இருந்தபோது டெமாக்ரடிக் கட்சியினரில் மூன்றில் ஒருவர் அரசை நம்பினார். ரிபப்ளிகன் கட்சியினரில் பத்தில் ஒருவர். டிரம்ப் திரும்பிய 2025-ல் ரிபப்ளிகன் பக்கம் கால்வாசியாகவும், டெமாக்ரடிக் பக்கம் பத்தில் ஒன்றுக்கும் கீழாகவும் மாறியது. அஞ்சல் துறையும் வரித்துறையும் அதே துறைகள்தான்.

எல்லாக் கட்சியினரிடமும் நம்பிக்கை ஒரே நேரத்தில் எகிறுவது பயத்தில்தான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில வாரங்களில் அது பாதியைத் தாண்டியது. அடுத்த மாதம் 26-ம் தேதி, கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய பேட்ரியட் சட்டம் கையெழுத்தானது. செனட்டில் ஆதரவு 98, எதிர்ப்பு 1. அந்த ஒருவர் விஸ்கான்சினின் ரஸ் ஃபைன்கோல்ட். நம்பிக்கை ஓராண்டுக்குள் பெருமளவு வடிந்துவிட்டது. அதிகாரம் வடியவில்லை. அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டிக் கோடிக்கணக்கான சாதாரண மக்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள் திரட்டப்படுவது 2013-ல் உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடன் மூலம்தான் வெளியே தெரிந்தது. அதை நிறுத்தும் சட்டம் வர 2015 ஆயிற்று. பயத்தில் பிறந்த நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போகும் அதிகாரத்தைத் திரும்ப வாங்க எத்தனை காலம் பிடிக்கிறது, பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொன்றும் உண்டு: அரசு செய்யும் நல்லது கண்ணிலேயே படாமல் போவது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சூசன் மெட்லர் 2008-ல் நடத்திய ஆய்வில், அரசின் சமூகநலத் திட்டம் எதையாவது பயன்படுத்தியதுண்டா என்று கேட்டார். 57 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். பிறகு 21 திட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியபோது, இல்லை என்றவர்களில் 94 சதவீதம் பேர் குறைந்தது ஒன்றையாவது பயன்படுத்தியிருந்தார்கள்.

காரணம் மறதி அல்ல. அங்கே உதவியின் பெரும்பகுதி வரிச் சலுகையாகவே போகிறது. வீட்டுக் கடன் வட்டியை எடுத்துக்கொள்வோம். வருமான வரிப் படிவத்தின் 'ஏ' இணைப்பில் கட்டிய வட்டியை எழுதினால் வரி குறையும். அரசுக்கு வரவேண்டிய பணம் வீட்டுக்காரரிடமே தங்கிவிடுகிறது. காசோலை வரவில்லை, அட்டை இல்லை, வரிசை இல்லை. என் பணத்தை நானே மிச்சப்படுத்தினேன் என்றுதான் அவருக்குத் தோன்றும். இந்தச் சலுகை பெற்றவர்களில் 60 சதவீதம் பேர், எந்த அரசுத் திட்டத்தையும் பயன்படுத்தவில்லை என்றே சொல்லியிருந்தார்கள். முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டை 1966 முதல் அரசே நடத்துகிறது. அதைப் பெறுபவர்களிலும் 40 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். 2009-ல் தென் கரோலினாவில் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "என் மெடிகேரில் அரசு கை வைக்கக் கூடாது" என்று தன் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொன்னது செய்தியானது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவநம்பிக்கை என்றாலே அறியாமை என்று நினைத்தால் அது பெரிய அநியாயம். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோய் கண்ட நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களை உண்மையைச் சொல்லாமலும், பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமலும் வைத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்தது. செய்தி வெளியானபின் வயதான கறுப்பின ஆண்கள் மருத்துவரிடம் போவது குறைந்ததையும், டஸ்கீகிக்கு அருகில் வாழ்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்ததையும் மார்செல்லா அல்சான், மரியான் வனமேக்கர் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 45 வயதில் எதிர்பார்க்கப்பட்ட மீதி ஆயுள் ஒன்றரை ஆண்டு வரை குறைந்ததாக அவர்களின் மதிப்பீடு. அந்த மனிதர்கள் காரணமில்லாமல் சந்தேகப்படவில்லை. அரசு செய்ததற்கு அவர்கள் ஆயுளால் விலை கொடுத்தார்கள்.

சரி, நம்பிக்கை குறைந்தால் நடைமுறையில் எது நின்றுபோகிறது? அரசியல் அறிவியலாளர் மார்க் ஹெதரிங்டன் இதைத்தான் ஆராய்ந்தார். எல்லோருக்கும் பலன் தரும் ஓய்வூதியம் போன்ற திட்டங்களுக்கு ஆதரவு அவ்வளவாகக் குறைவதில்லை. அடிவாங்குவது, ஒருவர் கொடுத்து இன்னொருவர் பெறும் திட்டங்கள்: ஏழைகளுக்கான உதவி, கறுப்பின மக்களுக்கான உதவி. என் பணம் அடுத்தவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்பினால்தானே கொடுக்க மனம் வரும்? சிவில் உரிமைச் சட்டம் 1964-லும் மெடிகேர் 1965-லும் நிறைவேறின, நம்பிக்கை உச்சத்தில் இருந்த நேரம் அது. கிளின்டன் 1993-ல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற திட்டத்தை முன்வைத்தபோது தொடக்கத்தில் நல்ல ஆதரவு இருந்தது. ஓராண்டில் அது கரைந்து, 1994 செப்டம்பரில் திட்டம் வாக்கெடுப்பு வரைகூடப் போகாமல் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு மிச்சிகன் குழுவின் கேள்விக்கு நம்பிக்கை தெரிவித்தவர்கள் 21 சதவீதம்.