பொயிலர் தண்ணிக்குச் சொஃப்ட்னர் (தண்ணியை மென்மையாக்கிற சாமான்) போட்டா உப்புப் போயிடுமெண்டு ஆர் சொன்னது?

ஸ்டீமோட பொயிலர் தண்ணியும் சேர்ந்து ஓடுற பிரச்சினை, இந்த வருசம் இது மூண்டாவது. போன கிழமை வலிகாமம் பக்கம் ஒரு லோண்ட்ரியில இருந்து கோல் எடுத்து, "அண்ணை, பெட்சீற் எல்லாம் மண்ணிறமா கறை பிடிக்குது, ஸ்டீமில இருந்து தண்ணியைப் பிரிக்கிற செப்பரேட்டர் புதுசா போட்டும் சரிவரேல்லை" எண்டினம். போய்ப் பார்த்தா பொயிலரில தண்ணி மட்டம் பார்க்கிற கேஜ் கிளாசுக்குள்ள மட்டமே தெரியேல்லை, சவர்க்கார நுரை மாதிரிப் பொங்கிக்கொண்டு நிக்குது. ஸ்டீம் போற லைன் டங் டங் எண்டு அடிக்குது, வால்வடியில ஒரு பெடியன் நிக்கிறான். செப்பரேட்டருக்குக் கீழ ட்ராப்புக்கு (ஸ்டீமை மறிச்சுத் தண்ணியை மட்டும் வெளிய விடுற சாமான்) போற வால்வை ஆரோ இறுக்கிப் பூட்டி வச்சிருக்கினம், ஸ்டீம் வீணாப் போகுதெண்டு! பிடிச்ச தண்ணி வெளிய போக வழியில்லாட்டி திரும்ப லைனுக்குள்ளதானே ஏறும்?

முதலாளி சொல்லுறார் "சொஃப்ட்னர் போட்டிருக்கிறன், உப்பு வராது" எண்டு. இதை எத்தினை தரம் சொல்லுறது. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற தண்ணி, சொஃப்ட்னர் அதில இருக்கிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துப்போட்டு பதிலுக்குச் சோடியத்தை விடுது, அவ்வளவுதான். கல்லாப் படியாது, ஆனா கரைஞ்ச உப்பு அப்பிடியேதான் கிடக்கு. ஸ்டீம் போகப் போக உப்பு மட்டும் பொயிலருக்குள்ள தங்கிச் செறிஞ்சு நுரைக்கும், அந்த நுரைதான் ஸ்டீமோட சேர்ந்து ஓடிப் பெட்சீற்றில கறையாகுது. சொஃப்ட்னர் வேண்டாமெண்டு சொல்லேல்லை, கட்டாயம் வேணும், அதோட புளோடவுனும் (செறிஞ்ச பொயிலர் தண்ணியில கொஞ்சத்தை வெளிய விடுறது) வேணும்.

செப்பரேட்டர் மட்டும் காணாதெண்டதுக்கு, உலைக்குள்ளேயே தண்ணி கொதிச்சு ஆவியாகிற கொதிநீர் அணு உலையைப் பாருங்கோ (இந்தியாவில கூடங்குளம் இந்த வகை இல்லை, தாராப்பூரில 1969ல ஓடத் தொடங்கின ரெண்டும்தான்). கிட்டத்தட்ட 70 பார் அழுத்தத்தில, 286 பாகையில மேல வாற கலவையில நிறைப்படி ஏழில ஒரு பங்களவுதான் நீராவி. அசையாத வளைஞ்ச தகடுகளுக்குள்ளால போகேக்கை அது சுழலும், பாரமான தண்ணி ஓரத்துக்கு எறிபட்டுக் கீழ இறங்கும், மிச்சத்தை மேல இருக்கிற உலர்த்தி பிடிக்கும், கடைசியில 1000 கிலோவில 1 கிலோ தண்ணியும் மிஞ்சாது. சுழற்சியைக் கூட்டினா நல்லாப் பிரியும், ஆனா அழுத்தம் கூட விரயமாகும், அந்த இழுபறியிலதான் தகட்டின்ர வடிவத்தை இன்னும் திருத்திக்கொண்டு இருக்கினம். அப்பிடிச் சாமான் இருந்தும் அவை உலைத் தண்ணியை ஓயாமல் வடிச்சுச் சுத்தம் பண்ணுறவை. நாங்கள் ஒரு செப்பரேட்டரை வாங்கி மாட்டிப்போட்டுப் படுக்கிறம்.

டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) ஒண்டு வாங்குங்கோ, பெரிய காசில்லை. பொயிலர் தண்ணியை ஆறவிட்டு அளந்து பாருங்கோ, 3,500 பிபிஎம் தாண்ட விடாதேங்கோ, உங்கட பொயிலர் புத்தகத்தில குறைச்சுச் சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. ட்ராப் வால்வைப் பூட்டாதேங்கோ. மட்டத்தை கிளாஸ் நிரம்ப வைக்கிறது பாதுகாப்பெண்டு நினைக்கிறதையும் விடுங்கோ, அப்பிடி வச்சா தண்ணி இன்னும் லேசா ஸ்டீமோட ஓடும்.

பொயிலரடியில நிக்கிற தம்பிமாரே, மெயின் வால்வை ஒரேயடியாத் திறக்காதேங்கோ ராசா. லைன் அடிக்கத் தொடங்கினா இன்னும் திறந்து பார்க்காமல் மெல்லப் பூட்டிப்போட்டுத் தள்ளிப் போங்கோ, உடுப்பு நாளைக்குக் காயட்டும்.