கொப்புளம் உள்ளேதான் கிழிகிறது: பாதயாத்திரை போகிறவர்களின் கால்களுக்காக

ஆகஸ்ட் பாதியைத் தாண்டினால் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கமிருந்து காவி உடுத்திய கூட்டங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே நடக்கத் தொடங்கும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். அடுத்து புரட்டாசி பிறந்தால் திருப்பதிக்கு நடப்பவர்கள். அது 130 கிலோமீட்டருக்கு மேல். எந்தக் கோயிலுக்குப் போகிற கூட்டமானாலும் இரண்டாம் நாள் சிலர் நொண்டத் தொடங்குவார்கள். பெரும்பாலும் காரணம் கால் கொப்புளம்.

வேண்டுதல் என்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்பார்கள் பெரியவர்கள். களைப்பும் கெண்டைக்கால் வலியும் நடையோடு வருபவை, சரி. கொப்புளத்தை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அதைப் பெருமளவு தடுக்கலாம்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வலது ஆள்காட்டி விரலை இடது புறங்கையில் அழுத்தி வையுங்கள். விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசையுங்கள். விரல் பட்ட இடத்தில் தோல் விரலோடு ஒட்டிக்கொண்டே போகிறது. அடியில் இருக்கும் எலும்பு மட்டும் அசையாமல் நிற்கிறது. நடுவில் உள்ள சதை இழுபடுகிறது. நடக்கும்போது பாதத்தில் நடப்பது இதேதான், தலைகீழாக. கால் ஊன்றியதும் தோல் செருப்போடோ சாக்ஸோடோ ஒட்டி நின்றுவிடுகிறது. உள்ளே எலும்பு முன்னே நகர்கிறது. மேலே தேய்வது எதுவும் தெரியாது. உள்ளே அடுக்குகள் எதிரெதிர்த் திசையில் இழுபடுகின்றன.

ஒருநாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 17,000 தடவை ஊன்றும். அத்தனை தடவையும் அதே குதிகாலில், அதே விரலடியில் இந்த இழுப்பு. மேல்தோலின் நடு அடுக்கில் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் இணைப்புகள் ஒரு கட்டத்தில் அறுந்துபோகின்றன. அங்கே சிறு பிளவு விழுகிறது. சுற்றியுள்ள திசுவின் அழுத்தத்தால் நீர் கசிந்து வந்து, சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தப் பிளவை நிரப்புகிறது. நம் கண்ணுக்குக் கொப்புளமாகத் தெரிவது அப்போதுதான். கிழிசல் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இப்படிக் கொப்புளிக்க, மேலே தடித்த, உறுதியான படலம் வேண்டும். அதனால்தான் உள்ளங்கை, உள்ளங்கால், குதிகாலில் கொப்புளம் வருகிறது. தொடை இடுக்கில் தோல் மெல்லியது; அங்கே உரசினால் கொப்புளிக்காது, மேலாகச் சிராய்த்துப் புண்ணாகும். அங்கே வழுக்கும் களிம்பு தடவினாலே போதும், அது வேறு விஷயம்.

சென்னை வெயிலில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகிறது. உள்ளங்காலில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நூற்றுக்கணக்கான வியர்வைச் சுரப்பிகள் உண்டு. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை. நன்றாகக் காய்ந்த தோல் எளிதில் வழுக்கும். தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்த தோலும் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும் தோல்தான் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பாதயாத்திரையில் நாள் முழுக்கக் கால் இருப்பது இந்த நடு நிலையில்.

வழியில் தண்ணீர் பந்தல் வைத்திருப்பவர்கள் அன்போடு காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். எரியும் காலுக்கு அந்த நிமிடம் சொர்க்கம்தான். ஆனால் ஈரக் காலோடு அப்படியே நடையைத் தொடர்ந்தால் தோல் ஊறி மென்மையாகிவிடும், உராய்வும் கூடும். தண்ணீரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஊற்றிக்கொண்டு, விரலிடுக்கு வரை துண்டால் ஒற்றித் துடைத்து, காலைக் காற்றில் நீட்டிப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

தேங்காய் எண்ணெய், வாஸலின் விஷயத்திலும் ஒரு கவனம் வேண்டும். தடவிய கொஞ்ச நேரம் வழுக்கும். மணிக்கணக்கில் நடந்தபின் அது தோலில் ஊறிப்போய் உராய்வு முன்பைவிட அதிகமாகவும் வாய்ப்புண்டு. காலையில் ஒருமுறை தடவிவிட்டு மறந்துவிடக் கூடாது.

ஷூ போட்டு நடப்பவர்களுக்கு வழி எளிது. வழுக்கல் தோலில் நடக்காமல் வேறெங்காவது நடக்கட்டும். இரண்டு சாக்ஸ் போட்டால் உள் சாக்ஸும் வெளி சாக்ஸும் ஒன்றின்மேல் ஒன்று நகரும், தோல் இழுபடாது. உள்ளே மெல்லிய பாலியெஸ்டர் சாக்ஸ் நல்லது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இன்னொன்று, மருந்துக் கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் தரும் பேப்பர் டேப். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் பல நாள் நீளும் 250 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடிய 128 பேரின் பாதத்தில், வழக்கமாகக் கொப்புளம் வரும் இடங்களில் இதை ஒட்டிவிட்டு, ஒட்டாத இடங்களோடு ஒப்பிட்டார்கள். ஒட்டிய இடத்தில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2016-இல் முடிவு வெளியானது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் டேப் இது. காலையில் காய்ந்த காலில், சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அதுவே உறுத்தும்.

புது ஷூ வேண்டாம் என்பதை எல்லோரும் அறிவார்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பதால் மாலை நேரத்தில் போய் அளவு பார்த்து வாங்கி, சில வாரம் அதிலேயே நடந்து பழகுங்கள். மெரினா மணலில் நடப்பது இதற்கு ஈடாகாது. தார்ச்சாலையில்தான் பழக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினால் தோல் தானே தடிக்கும்.

வெறுங்காலோடு போகிறவர்கள் வேறு ஒரு சிக்கலையும் சுமக்கிறார்கள். நண்பகலில் கறுத்த தார் காற்றைவிட வெகுவாகச் சூடாகிறது. 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள பரப்பில் தோல் சில வினாடி தொடர்ந்து பட்டாலே வெந்துவிடும். இது உராய்வுக் கொப்புளமல்ல, தீக்காயம். மதியத்தில் இவர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவர் பின் ஒருவராகப் போவதைப் பார்க்கலாம். வெள்ளை, ஒளியைத் திருப்பிவிடுவதால் அங்கே சூடு குறைவு. கால் தானாகக் கண்டுபிடித்த வழி அது. ஆனால் அந்தக் கோடு வண்டிகளுக்கு மிக அருகில் இருக்கிறது. விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிழலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் தார் ஆறத் தொடங்கியபின் மறுபடி நடப்பதுதான் சரியான வழி. இருட்டில் நடக்கும்போது ஒளிரும் பட்டை கட்டிக்கொள்வது கட்டாயம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த முதல் எரிச்சல். ஒரு இடம் மட்டும் சுருக்கென்று சூடாக உணர்ந்தால், உள்ளே இணைப்புகள் அறுபட ஆரம்பிக்கும் நேரம் அது. அப்போதே உட்கார்ந்து, காலைத் துடைத்து, டேப் ஒட்டினால் நின்றுவிடும். கூட்டம் போய்விடுமே என்று அடுத்த ஊர் வரை தாங்கிக்கொண்டு நடப்பவர்களுக்குத்தான் கொப்புளம் வருகிறது. கூட்டத்தை நடத்திச் செல்லும் குருசாமிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மணிக்கொருமுறை ஐந்து நிமிடம் எல்லோரையும் உட்கார வையுங்கள். தனியாக நிற்கக் கூச்சப்படுபவர் அப்போது காலைப் பார்த்துக்கொள்வார்.

வந்துவிட்டால், சிறிய கொப்புளத்தைத் தொடாதீர்கள். மேலே இருக்கும் தோல்தான் கிருமிக்குத் தடை. அடியில் ஒருநாளுக்குள் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கி, ஐந்து நாள் வாக்கில் புதிய மேல்படலம் உருவாகிவிடும். பெரிதாகப் புடைத்து, ஊன்றவே முடியாமல் இருந்தால் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டாடின் தடவி, புதிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். தோலை வெட்டி எடுக்க வேண்டாம். சட்டையில் குத்தியிருக்கும் ஊக்கு வேண்டாம். நூலைக் கோத்து உள்ளே விட்டு வைக்கவும் வேண்டாம். கிருமி அந்த நூல் வழியாகவே உள்ளே போகும். சுற்றிலும் சிவந்து சூடானாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ நடையை நிறுத்தி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) நடத்திய ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் சொன்னது. ஒவ்வொரு யாத்திரைக் கூட்டத்திலும் இவர்கள் இருப்பார்கள். நெடுநாள் சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். முதல் எரிச்சல் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கொப்புளம் புண்ணாகி, இரத்த ஓட்டமும் குறைவென்றால் ஆறவும் ஆறாது. இவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, கொப்புளத்தைத் தாங்களே குத்தக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடன் வருபவர் ஒருவர் அவர்களின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கிளம்பும் முன்பே அந்த ஆள் யார் என்று முடிவு செய்துவிடுங்கள்.