எழுத்து இரண்டு, ஒலி ஒன்று

மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் எழுத்து நான்கு: எஃப், ஐ, எஸ், எச். ஒலியோ மூன்றுதான்: ஃப், இ, ஷ். கடைசி இரண்டு எழுத்தும் தத்தம் ஒலியை விட்டுவிட்டு, இரண்டுக்கும் சொந்தமில்லாத புது ஒலி ஒன்றைத் தருகின்றன. இந்த ஜோடிக்கு டைகிராஃப் என்று பெயர். எழுத்துக்கு எழுத்து ஒலி கூட்டிப் பழகிய குழந்தை ‘ஃப்-இ-ஸ்-ஹ்’ என்று திணறினால் அது கவனக்குறைவு அல்ல. நாம் சொல்லிக்கொடுத்த விதியைத்தான் அது பின்பற்றுகிறது.

தமிழுக்கும் இது முற்றிலும் அந்நியமில்லை. மேலே ‘ஃபி’ என்று எழுதியதே ஆய்தமும் பகரமும் சேர்ந்து ஓரொலி தரும் ஏற்பாடுதான். ரோமன் எழுத்தைக் கடன் வாங்கிய ஆங்கிலத்தில் ஒலிகளைவிட எழுத்துகள் குறைவு. தகரத்தை ஒத்த ஒலிக்கு ‘தோர்ன்’ என்ற தனி எழுத்து ஒரு காலத்தில் இருந்தது. அது வழக்கொழிந்தபின் டி-எச் ஜோடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

தனி எழுத்துகளின் ஒலி தெரிந்து, ‘பின்’, ‘ஹாட்’ போன்ற மூவொலிச் சொற்களைத் தடுமாறாமல் கூட்டத் தெரிந்த பிறகே டைகிராஃபைத் தொட வேண்டும். முதல் நாள் எழுத்தே வேண்டாம், காது போதும். தாளில் மூன்று கட்டம் வரையுங்கள். சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரால் வழங்கும் முறை இது. ‘ஷிப்’ என்று நிதானமாகச் சொல்லி, ஒலிக்கு ஒரு காய் வீதம் குழந்தை நகர்த்தட்டும்: ஷ், இ, ப். மூன்று காய்கள் நின்ற பிறகு எழுத்தைக் கொண்டுவாருங்கள். எஸ், எச் இரண்டும் முதல் கட்டத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். அடியில் ஒரே கோடு. எழுத்தட்டைகள் வைத்து விளையாடுவதானால் எஸ்-எச் ஒரே அட்டையில் இருக்கட்டும். தனித்தனி அட்டைகளை அருகருகே வைத்தால் குழந்தையின் கண் மறுபடி இரண்டாகத்தான் எண்ணும்.

ஒலியை ‘ஷ’ என்றோ ‘ஷு’ என்றோ சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘ஷ-இ-ப’ எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘ஷிப்’ ஆகாது. புள்ளி வைத்த மெய் என்றால் என்னவென்று தமிழ் படித்த குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அறிவு இங்கே பெரிய முதல். ஆனால் சொல்லின் இறுதியில் உகரம் ஒட்டும் நம் பேச்சுப் பழக்கம் எதிராக வேலை செய்யும். ‘ஃபிஷ்ஷு’ என்று படிக்கும் குழந்தை, எழுதும்போது கடைசியில் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துவிடும்.

பலர் சறுக்கும் இடம், எஸ்-எச், சி-எச் இரண்டையும் ஒரே வாரத்தில் கற்பிப்பது. தமிழின் ச ஒரே எழுத்து. ‘சொல்’ என்பதில் பலர் வாயில் ஸகரத்தை ஒட்டியும், ‘பச்சை’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. ஆகவே ‘ஸிப்’, ‘ஷிப்’, ‘ச்சிப்’ மூன்றும் தமிழ்க் காதுக்கு ஒரே கூட்டில் விழக்கூடும். எஸ்-எச் பழகிய பிறகே சி-எச் வரட்டும். பிரித்துக் காட்ட எளிய சோதனை உண்டு: ‘ஷ்ஷ்ஷ்’ என்று மூச்சுள்ளவரை இழுக்கலாம்; சி-எச் ஒலியை இழுக்க முடியாது, ஒரே வெட்டாக முடிந்துவிடும்.

டி-எச் ஜோடிக்கும் இதே சோதனை. நம் ‘த்’ காற்றை அடைத்து விடுவது, இழுக்க வராது. ஆங்கில ஒலிக்கு நாக்கு நுனி பற்களுக்கிடையே லேசாக எட்டிப் பார்க்க வேண்டும், காற்று நிற்காமல் கசிய வேண்டும். ‘கார்த்திக்’ போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்துக்கு டி-எச் போடுகிறோமே, அந்தப் பழக்கம்தான் இங்கே குழப்புகிறது. என்-ஜி ஜோடியில் ‘சிங்’ என்பது ‘சிங்கு’ ஆகிவிடும், தமிழில் ங்-ஐ அடுத்துப் பெரும்பாலும் ககரம் வருவதால். மூக்கைப் பிடித்தால் ஒலி நின்றுபோக வேண்டும். அப்போதுதான் அது வெறும் ‘ங்’. சி-கே சுலபம்: ‘டக்’, ‘கிக்’ போன்ற குறில் ஓரசைச் சொற்களின் இறுதியில் வரும், சொல்லின் தொடக்கத்தில் வராது.

ஒரு ஜோடிக்கு நான்கைந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம், எட்டுப் பத்துச் சொற்கள் போதும். பிறகு சங்கிலி ஆட்டம்: ‘ஷிப்’பில் ஐ-யை எடுத்து ஓ வைத்தால் ‘ஷாப்’, எஸ்-எச் அட்டையை எடுத்து சி-எச் வைத்தால் ‘ச்சாப்’, ஓ-வுக்குப் பதில் மறுபடி ஐ வைத்தால் ‘ச்சிப்’. ஒவ்வொரு முறையும் ஓர் அட்டைதான் மாறும். ‘ஸ்டாப்’ போன்ற சொற்களை இப்போது கலக்காதீர்கள். அங்கே எஸ்-டி இரண்டு ஒலி, இரண்டு கட்டம்.

‘ஸ்கூல்’ என்பதில் சி-எச் ககரமாகவும், ‘ஷெஃப்’ என்பதில் ஷகரமாகவும் ஒலிக்கும். முன்னது கிரேக்க வேர், பின்னது பிரெஞ்சு வரவு. இவற்றைச் சொல் எதிர்ப்படும்போது சொன்னால் போதும், தனிப் பாடம் தேவையில்லை.

படிக்க வந்ததா என்பதை எழுதவைத்துப் பாருங்கள். ‘ஷிப்’ என்று சொல்லும்போது குழந்தை எஸ்-ஐ-பி என்று எழுதினால் ஒலி காதில் பிரியவில்லை. காய்களுக்கும் கட்டத்துக்கும் திரும்புங்கள். எச்-எஸ்-ஐ-பி என்று எழுதினால் காது சரி, ஜோடியின் வரிசைதான் இன்னும் பதியவில்லை. அதற்கு அட்டையைப் பார்த்து ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதும் பயிற்சி.