ஊர்ப் பெருமையை ஒப்பிக்காதீங்க, கண்ணு

மறுபடியும் ஒரு பெண், காங்கேயம் பக்கம். கணவர் இங்கிலாந்தில் இருக்கிறார். குடும்ப விசாவுக்கான ஏ1 ஆங்கிலத் தேர்வில் தேறாமல் என்னிடம் வந்தார். "பேசு கண்ணு" என்றதும் ஊரைப் பற்றி ஒரு பக்கம், மூச்சு விடாமல், பிழையே இல்லாமல். "இங்க எப்படி வந்தீங்க, பஸ்ஸிலயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பேந்தப் பேந்த விழித்தார்.

ஈரோடு, கோபி, பல்லடம், எங்கிருந்து வந்தாலும் இதே கதைதானுங்க. ஒரு நோட்டு, அதில் யாரோ எழுதிக் கொடுத்த 'மை நேட்டிவ் ப்ளேஸ்'.

குடும்ப விசாவுக்கான ஐஈஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்னும் ஆங்கிலத் தேர்வு 16 முதல் 18 நிமிடம்தான். வாசிப்பும் எழுத்தும் கிடையாது. பேண்ட் மார்க் கிடையாது. பாஸ் அல்லது ஃபெயில். இரண்டு தேர்வர்களை ஒன்றாக உட்கார வைப்பார்கள். தேர்வாளர் கேட்பார், பக்கத்தில் இருப்பவரும் உங்களைக் கேட்பார், நீங்களும் அவரைக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரர் உங்கள் நோட்டைப் படித்துவிட்டு வரமாட்டாரே!

ஊரில் என்ன பிடிக்கும் என்று கேட்டால் 'ஐ லைக் த மார்க்கெட். ஐ கோ ஆன் சண்டே' போதும். நம்மவர்களோ நொய்யலில் ஆரம்பித்து, டாலர் சிட்டி, பனியன் ஏற்றுமதி என்று போய், எல்லாம் சொல்லி முடிப்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் இருக்காது. நடுவில் ஒரு கேள்வி போட்டு நிறுத்தினால் முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்குவார்கள். மனப்பாடம் என்று கண்டுபிடிக்கத் தேர்வாளருக்கு வேறென்ன வேண்டும்?

ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஆறு மொழித்திறன் படிநிலைகளில் ஏ1தான் அடிப்படி. எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசி, உதவவும் தயாராக இருந்தால் எளிமையாக உரையாட முடியும்: அந்த நிலைக்கு அவர்கள் தரும் விளக்கமே இதுதான். புரியாவிட்டால் 'ஸாரி, கேன் யூ ரிப்பீட் ப்ளீஸ்?' என்று தாராளமாகக் கேளுங்க. புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் கெடுதல். இதற்குப் போய் பேசிவ் வாய்ஸை மாதக்கணக்கில் நடத்திக் காசு வாங்குகிறவர்களை என்ன சொல்ல?

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த பெண், "எனக்கு இங்கிலீஷே வராதுங்க" என்கிறார். பையர், ஆர்டர், ஸைஸ், டேமேஜ், ஷிப்மென்ட் என்று தினமும் புழங்கிய வாய் அது. வேலையைப் பற்றிப் பேச அதையே வைத்துத் தொடங்கலாம்.

தனியாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகாதீங்க. நாத்தனாரோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணோ, யாராவது எதிரில் உட்கார்ந்து குறுக்கே கேட்கட்டும். நீங்களும் அவர்களைக் கேளுங்க. கேள்வி கேட்கத் தெரியாமல்தான் பாதிப் பேர் திணறுகிறார்கள். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பழகுங்க. ஆங்கில எழுத்துகள் ஈ (E), ஐ (I) இரண்டையும் மாற்றிச் சொல்லாத ஆள் அபூர்வம். மாப்பிள்ளைகளே, ராத்திரி வாட்ஸ்அப்பில் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசுங்க. தப்பு வந்தால் சிரிக்காதீங்க, தயவுசெய்து.

பணம் கட்டும் முன் ஒரு விஷயம். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்களுக்கு இந்தத் தேர்வே தேவைப்படாமல் போகலாம். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பிரிட்டனின் எக்டிஸ் அமைப்பின் சான்று கிடைக்குமா என்று முதலில் பாருங்க. தேர்வுதான் என்றால், பிரிட்டன் உள்துறை ஏற்கும் பட்டியலில் உள்ள தேர்வா என்று பார்த்துவிட்டு பதிவு செய்யுங்க. கனடாவுக்குப் போகிற தம்பி எழுதிய சாதாரண ஐஈஎல்டிஎஸ் இதற்குச் செல்லாது. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவில் இருக்க வேண்டும். நம்ம ஊர் இனிஷியல் அங்கே விரிந்து கிடக்கும், எடுத்துப் பாருங்க. அந்த பாஸ்போர்ட்டையே கையில் கொண்டு போங்க. ஜெராக்ஸை நீட்டிவிட்டு வாசலோடு திரும்பாதீங்க.