இரு கைத் தூண்டிலுக்கு எந்தத் தண்டு?

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பல இடங்களில் முதுகுக்குப் பின்னாலேயே மேடும் மரங்களும் நிற்கும். கயிற்றைப் பின்னால் விசிறி எறிய இடமில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே சால்மன் பிடித்தவர்கள் வேறு வழி கண்டார்கள். நீண்ட கோலை இரு கைகளாலும் பிடித்து, கயிற்றின் நுனியை நீரில் பதியவிட்டு, மீதியைத் தோளுக்குப் பின்னால் வில்லாக வளைத்து, அந்த வளைவின் இழுப்பிலேயே முன்னே எறிந்தார்கள்.

இந்தத் தூண்டிலில் முள்ளுக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி அது. பறப்பது கனத்த கயிறு, பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. கயிறு கோலை வளைக்க, வளைந்த கோல் நிமிர்ந்து கயிற்றைத் தள்ளுகிறது. ஆக, கோல் ஒரு சுருள்வில்.

சொந்தமாகக் கோல் கட்டுபவர் முதலில் வாங்குவது பிளாங்க்: கைப்பிடியும், கயிறு ஓடும் வளையங்களும் இல்லாத வெறும் கார்பன் தண்டு. பிசின் ஊறிய கார்பன் துணியைக் கூம்பான எஃகுக் கம்பியில் சுற்றி, நாடாவால் இறுக்கி, அடுப்பில் சுட்டுக் கம்பியை உருவிவிடுகிறார்கள். சுவரின் கனம் மாறாமல் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். எனவே தண்டு அடியிலிருந்து நுனிக்கு எப்படிச் சிறுத்துப் போகிறது என்பதே அதன் குணம்.

நுனி மட்டும் வளையும் விறைப்பான தண்டு கைதேர்ந்தவருக்கு நல்லது. புதியவருக்கு அது எதையும் சொல்லிக்கொடுக்காது. எறிய வேண்டிய கணம் வருவதும் போவதும் தெரியாது. பாதிக்கும் கீழே வரை வளையும் நடுத்தர வேகத் தண்டில், சுமை ஏறுவதை உள்ளங்கை உணரும். தயங்காமல் சொல்வேன்: 13 அடி நீளம், எந்தக் கனத்துக் கயிற்றுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் எண் 7 அல்லது 8, நான்கு துண்டு.

அந்த எண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கைக் கோலுக்கான 7ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 12 கிராம். இரு கைக் கோலில் அதே 7ஆம் எண்ணுக்கு 32 கிராம்கூடத் தேவைப்படும். எண்ணை நம்பாமல், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் எடையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 500 கிரெயின் ஏறக்குறைய 32 கிராம்.

தண்டு கைக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டின் அடியையும் வழவழப்பான தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையில் தாங்கி, மறு கையால் நடுவில் அழுத்தியபடி உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் அது வெடுக்கென்று தானே திரும்பி நிற்கும். துணிச்சுற்று சுற்றிலும் ஒரே சீராக அமையாததால் வரும் துள்ளல் அது. அங்கே மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, வளையங்களை அந்த வரிசையில் முதலில் நாடாவால் மட்டும் ஒட்டி, ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துப் போய் வீசிப் பாருங்கள். புல்தரை உதவாது, கயிற்றின் நுனியைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால்தான் தண்டு வளையும்.